காஸ்டிக் சோடாவைச் சரியாக எடை போடுவது எப்படி? முதல் முறை வீட்டில் சோப்பு செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் சோப்பு செய்யப் பழக ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வாசனை எண்ணெயைப் பற்றி. அப்புறம் நிறம், அச்சு, மேலே பூ தூவுவது இதெல்லாம். காஸ்டிக் சோடாவை எப்படி எடை போடுவது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. தராசில் வைத்தால் எண் தெரியப்போகிறது, அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் நான் செய்த மூன்றாவது சோப்பு. சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தது. பேசிவிட்டுத் திரும்பினால் தராசு தானாக அணைந்து கிடந்தது. மறுபடி போட்டேன், 0.0 என்று காட்டியது. கப்பில் ஏற்கெனவே எவ்வளவு விழுந்தது? 40 கிராம் பார்த்த ஞாபகம். சரி, மிச்சத்தைப் போட்டுக்கொள்வோம் என்று போட்டு முடித்துவிட்டேன். ஆறு வாரம் காயவைத்து, அழகாகத் துண்டு போட்டு, முதல் கட்டியை என் அத்தைக்குக் கொடுத்தேன். நாள் முழுக்கப் பாத்திரம் கழுவுகிற கை அது. பத்து நாள் கழித்துப் போனபோது விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து வெடித்திருந்தது. "நல்லா நுரைக்குதும்மா" என்று மட்டும்தான் சொன்னார், எரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீதிக் கட்டிகளை அன்றைக்கே குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதெல்லாம் கீழே இருக்கிறது.

உங்களுக்கு இருக்கும் இடைவெளி எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தராசை எடுப்பதற்கு முன்னால் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால்தான் சோப்பு. ஒரு கிராம் எண்ணெயை முழுதாகச் சோப்பாக்க எத்தனை கிராம் சோடா வேண்டும் என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183, பாமாயிலுக்குச் சுமார் 0.142, ஆலிவ் எண்ணெய்க்குச் சுமார் 0.135. இணையத்தில் இருக்கும் சோப்பு கால்குலேட்டர்கள் இந்த எண்களை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன, ஒன்றுக்கொன்று மூன்றாம் தசமத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம், ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள்.

நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் எண்ணெய்களில் ஒரு கணக்கு. தேங்காய் எண்ணெய் 150 கிராம், பாமாயில் 200 கிராம், ஆலிவ் 150 கிராம், மொத்தம் 500. தேங்காய் எண்ணெய்க்கு 27.45, பாமாயிலுக்கு 28.4, ஆலிவுக்கு 20.25, கூட்டினால் 76.1 கிராம் சோடா. இது எண்ணெய் முழுவதையும் தின்றுவிடும் அளவு. அப்படியே போடக் கூடாது. 5 சதவீதம் குறைத்துப் போட்டால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி நிற்கும், இதைத்தான் சூப்பர்ஃபேட் என்கிறார்கள். 76.1-இல் 5 சதவீதம் போக 72.3 கிராம். இதுதான் நாம் கப்பில் போடவேண்டிய எண்.

இப்போது 72.3-க்கும் 76.1-க்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பாருங்கள். 3.8 கிராம். தவறு செய்ய உங்களுக்கு இருக்கிற இடம் அவ்வளவுதான். ஒரு கிராம் கூடினால் 5 சதவீத சூப்பர்ஃபேட் 3.7-க்கு இறங்கும், சோப்பு இன்னும் நல்ல சோப்புதான். நாலு கிராம் கூடினால் மிச்ச எண்ணெய் எதுவும் இல்லை, சோடா மிஞ்சுகிறது, அது தோலில்தான் போய் உட்காரும். அந்த 3.8 கிராமும் முழுக்க உங்கள் கைத்தவறுக்கு ஒதுக்கியது இல்லை என்பதையும் மறக்காதீர்கள். எண்ணெய் ஒரு தடவை வாங்கியதுபோல இன்னொரு தடவை இருக்காது, அந்த ஏற்றத்தாழ்வையும் இதே இடைவெளிதான் தாங்கவேண்டும்.

இதிலிருந்து நிறையப் பேர் கவனிக்காத ஒன்று வருகிறது. புதிதாகச் செய்கிறவர்கள் வீணாகப் போய்விடுமோ என்று பயந்து 100 கிராம், 150 கிராம் எண்ணெயில் சின்னதாகத் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் பாதுகாப்பு குறைகிறது. 150 கிராம் எண்ணெய்க்கு மேலே சொன்ன அதே கலவையில் இடைவெளி சுமார் 1.1 கிராம்தான். ஒரு கிராம் வரைக்கும் மட்டுமே காட்டும் சமையலறைத் தராசில் அதை எடை போட்டால், தராசு எந்தத் தப்பும் செய்யாமலே நீங்கள் ஓரத்தில் போய் நிற்பீர்கள். முதல் சோப்பு 500 கிராம் எண்ணெயிலாவது இருக்கட்டும்.

எந்த சோடா

தமிழில் நமக்கு எல்லாமே சோடாதான். ஆப்ப சோடா, சலவை சோடா, காஸ்டிக் சோடா. மூன்றும் வெள்ளை, மூன்றும் வேறு வேறு. ஆப்ப சோடாவில் சோப்பு ஆகவே ஆகாது. டப்பாவில் சோடியம் ஹைட்ராக்சைடு என்றோ மலாயில் நாத்ரியம் ஹிட்ரோக்சிடா என்றோ எழுதியிருக்கவேண்டும், பக்கத்தில் 1310-73-2 என்ற எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம், உலகம் முழுக்க அந்தப் பொருளுக்கு அதுதான் அடையாள எண். 1310-58-3 என்று இருந்தால் அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, திரவ சோப்புக்கு உரியது, அதே வேலைக்குச் சுமார் 1.4 மடங்கு எடை வேண்டும், கட்டி சோப்புக்கு ஆகாது. சாக்கடை அடைப்பு நீக்கும் தூள்களை வாங்காதீர்கள். சிலவற்றில் அலுமினியத் துணுக்கும் வேறு சரக்கும் கலந்திருக்கும், அப்போது நீங்கள் எடை போடும் 72.3 கிராமில் சோடா எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

தூய்மை சதவீதமும் டப்பாவில் இருக்கும். 98, 99 என்று இருந்தால் கணக்கை மாற்றவேண்டாம்.

செதிலாகவும் கிடைக்கும், குட்டி மணியாகவும் கிடைக்கும். எது வாங்கினாலும் கரண்டிக் கணக்கு மட்டும் வேண்டாம். என்னிடம் இரண்டும் இருந்தபோது ஒரே தேக்கரண்டியால் மாறி மாறி அள்ளிப் பார்த்தேன். செதில் ஒரு கரண்டி 4 கிராமைத் தொட்டது, மணி கொஞ்சம் குவிந்து வந்தபோது 7-ஐத் தாண்டியது. செதில் ஒன்றன்மேல் ஒன்று கோணலாக நிற்கும், நடுவில் காற்று. மணி உருண்டு நெருங்கி உட்காரும். யாராவது "ஒன்பது கரண்டி" என்று செய்முறை எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

தராசு

இரண்டு தராசு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் 5 கிலோ தாங்கி ஒரு கிராம் வரை காட்டும் சாதாரண சமையலறைத் தராசு போதும். 500 கிராம் எண்ணெயில் ஒரு கிராம் தப்பு என்பது 0.2 சதவீதம், அதைப் பற்றிக் கவலையில்லை. சோடாவுக்கு 500 கிராம் தாங்கி 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு. 0.01 காட்டும் தராசும் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அதில் பாதி 100, 200 கிராமுக்கு மேல் தாங்காது. கப் எடையையும் சேர்த்துத்தான் தாங்கும் அளவு என்பது ஞாபகம் இருக்கட்டும். கண்ணாடிக் கப் 150 கிராம், சோடா 72, ஆக 222. 200 கிராம் தராசு அங்கேயே கைவிரித்துவிடும்.

0.1 காட்டுகிறது என்றால் 0.1 வரைக்கும் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு தராசு 72.3 என்று ஆணித்தரமாகக் காட்டும், உண்மையில் கப்பில் 74.5 இருக்கும். அதனால்தான் அடுத்த படி.

தராசைச் சோதித்துப் பார்ப்பது

சோதனை எடைக்கல் வாங்க முடிந்தால் 100 கிராம் ஒன்று வாங்குங்கள். எம்1 தரம் என்றால் 100 கிராமில் 5 மில்லிகிராமுக்குள் இருக்கும், நமக்கு அது தாராளம். வாங்கும்வரை வீட்டு உண்டியல் இருக்கிறது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2012-இல் வெளியிட்ட மஞ்சள் நிற 50 சென் காசின் எடை 5.66 கிராம். தேயாத, அழுக்கில்லாத காசாக இருபது பொறுக்கிக் கழுவித் துடைத்து வையுங்கள். ஐந்து காசு 28.3 கிராம், பத்து 56.6, பதினைந்து 84.9, இருபது 113.2. பழைய வெள்ளை நிற 50 சென் கலந்துவிடக் கூடாது, அது வேறு எடை.

ஒரே ஒரு காசை வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று விடாதீர்கள். மலிவுத் தராசுகள் குறைந்த எடையில் ஒழுங்காக இருந்து, ஏற ஏற விலகும். நீங்கள் சோடா போடும்போது தராசில் உட்காரப்போவது கப்பும் சோடாவும் சேர்ந்த எடை, ஆகவே கப்பைத் தட்டில் வைத்து, பூஜ்யமாக்கி, அப்புறம் காசுகளைக் கப்புக்குள் போட்டுப் பாருங்கள். நிஜ வேலை நடக்கப்போகும் இடத்தில்தான் சோதனையும் நடக்கவேண்டும். 56.6-க்கு 56.4 முதல் 56.8 வரை வந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். ஒரு கிராம் விலகினால் மின்கலத்தை மாற்றிப் பார்ப்பேன், அப்போதும் விலகினால் அந்தத் தராசு மாவு நிறுக்கப் போய்விடும். திருத்தம் செய்யும் பொத்தானைக் காசை வைத்து அமுக்காதீர்கள், அதற்குத் தராசு கேட்கும் எடைக்கல்லேதான் வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் நகைக்கடையில் வேலை பார்க்கும் தெரிந்த மாமா ஒருவர் இருக்கிறார், எப்போதாவது அந்தப் பக்கம் போனால் என் 100 கிராம் கல்லைக் கொண்டுபோய் அவர் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வருவேன். 1972 எடை அளவுச் சட்டப்படி வியாபாரத் தராசுகள் சோதிக்கப்பட்டிருக்கவேண்டும், தங்கம் நிறுக்கிற தராசில் ஏமாறமாட்டோம். அவர்தான் ஒரு தடவை என் தராசைப் புரட்டிப் பார்த்து, "முதல்ல எந்த அளவுல நிக்குதுன்னு பாரும்மா" என்றார். சின்னத் தராசுகளில் ஒரு பொத்தான் அளவை மாற்றிக்கொண்டே போகும். கிராம், அவுன்ஸ், தங்கத்துக்கான தஹில், வைரத்துக்கான காரட், அப்புறம் கிரெய்ன். அமெரிக்காவில் துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்து நிறைப்பவர்கள் பயன்படுத்தும் அளவு இந்தக் கிரெய்ன், ஒரு பவுண்டுக்கு 7000. அவர்களும் இதே மாதிரி சோதனை எடைக்கல் வைத்துத் தராசைப் பார்த்த பிறகுதான் தூளைத் தொடுவார்கள். நம் தராசு கைதவறிக் கிரெய்னில் நின்றால் 72.3 என்பது வெறும் 4.7 கிராம். அவுன்ஸில் நின்றால் இரண்டு கிலோவைத் தாண்டும், அது உடனே தெரிந்துவிடும். கிரெய்னில் நின்றால்தான் புதியவர்களுக்குத் தெரியாது, கப்பில் எவ்வளவு இருந்தால் 72 கிராம் என்று கண் இன்னும் பழகியிருக்காதே. திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் குட்டி எழுத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இடம்

மேசை ஆடக் கூடாது, சாயக் கூடாது. மேலே மின்விசிறி ஓடக் கூடாது. இதைச் சொன்னால் நிறையப் பேர் நம்புவதில்லை. தராசை விசிறிக்குக் கீழே வைத்து, மேலே ஒரு அகலத் தட்டை வைத்துப் பாருங்கள், கடைசி எண் தானாகக் கூத்தாடும். ஏர்கோன் காற்று நேராக அடிக்கிற இடமும் வேண்டாம். ஏர்கோன் அறையில் வைத்திருந்த தராசைச் சமையலறைக்குக் கொண்டுவந்தால் கால் மணி நேரம் சும்மா விடுங்கள், சூடு குளிர் மாறும்போது பூஜ்யம் நகரும். கைப்பேசியைத் தராசுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சொல்லப்போனால் அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள், என் கதையைத்தான் மேலே படித்தீர்களே.

பிள்ளைகளும் பூனையும் வெளியே. ஜன்னல் திறந்திருக்கட்டும். கண்ணை முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, காலில் செருப்பாவது. கண்ணாடி போட மறந்தவர்கள் எடை போடவே ஆரம்பிக்கவேண்டாம், இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தோலில் பட்டால் சோடாவைத் தட்டிவிட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவவேண்டும், வினிகர் தேடி ஓடாதீர்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே அவசர எண் 999-ஐ அழையுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, அதன் எண்ணைத் தேடிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

எடை போடும் வேலை

கப் காய்ந்திருக்கவேண்டும், துளி ஈரம்கூட இருக்கக் கூடாது. அடியில் 5 அல்லது 2 என்று முக்கோணத்துக்குள் போட்ட பிளாஸ்டிக் நல்லது, எவர்சில்வரும் நல்லது. அலுமினியம் கூடவே கூடாது, ஈரமான சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். ஏர்கோன் போட்ட காய்ந்த அறையில் பிளாஸ்டிக் கப்பில் மணிகள் துள்ளி ஒட்டும், அதற்குக் கப்பின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, நன்றாகக் காயவிட்டு வையுங்கள்.

முதலில் வெறும் கப்பின் எடையை எழுதுங்கள். உதாரணமாக 31.6. இதுதான் தராசு அணைந்துபோனால் உங்களைக் காப்பாற்றும் எண். இதை அன்றைக்கு எழுதி வைத்திருந்தால் அத்தையின் கைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திரும்பப் போட்ட தராசில் கப்பைத் தூக்கி வைத்து, வரும் எண்ணிலிருந்து 31.6-ஐக் கழித்தால் முடிந்தது. கப்பிலேயே அழியாத மையால் எழுதிவிட்டால் இன்னும் நல்லது, அந்தக் கப் சோடாவுக்கு மட்டும் என்றும் ஆகிவிடும்.

அப்புறம் மூடிய சோடா டப்பாவைப் பெரிய தராசில் வைத்து அந்த எடையையும் எழுதுங்கள். 1046 என்று வைத்துக்கொள்வோம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கப்பைத் தட்டின் நடுவில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். ஓரத்தில் வைத்தால் சில தராசு வேறு எண் காட்டும். டப்பாவைத் திறந்து, காய்ந்த எவர்சில்வர் கரண்டியால் 60 கிராம் வரை தாராளமாகப் போடலாம், அதுவரை பயமில்லை. 60 தாண்டியதும் கை மெதுவாகட்டும். 70 தாண்டியதும் கரண்டி நுனியில் நாலைந்து மணியாக, விரலால் கரண்டிக் காம்பைத் தட்டித் தட்டி விழவையுங்கள்.

இந்த இடத்தில்தான் தராசு ஏமாற்றும். நீங்கள் ரொம்ப மெதுவாக, ஒன்றிரண்டு மணியாகப் போடும்போது பல தராசுகள் அந்தச் சின்ன மாற்றத்தைக் காற்றசைவு என்று நினைத்துக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும், எண் அப்படியே நிற்கும், நீங்கள் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். 71.9, 71.9, 71.9. திடீரென்று கப்பைத் தூக்கி வைத்தால் 72.8. நான் இதை முதல் முறை பார்த்தபோது தராசு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். வழி சுலபம். கடைசி இரண்டு கிராமுக்கு, கொஞ்சம் போட்டதும் கப்பைத் தட்டிலிருந்து முழுதாகத் தூக்குங்கள், திரை மைனஸ் 31.6 காட்டவேண்டும், அதாவது கப்பின் எடை. வேறு எண் காட்டினால் பூஜ்யம் நகர்ந்துவிட்டது, மறுபடி ஆரம்பிக்கவேண்டும். சரியாகக் காட்டினால் கப்பைத் திரும்ப மெதுவாக வைத்து, எண் நிலைக்கும்வரை மூச்சை இழுத்து இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் படியுங்கள்.

72.3-ஐக் கச்சிதமாகத் தொடவேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள். 72.1-இலிருந்து 72.4-க்குள் எங்கே நின்றாலும் சரி. கூடிவிட்டால் கரண்டியால் எடுங்கள், ஆனால் எடுத்ததை டப்பாவில் திரும்பப் போடாதீர்கள், ஈரம் வாங்கியிருக்கும், முழு டப்பாவையும் கெடுக்கும்.

நேரமும் முக்கியம். பினாங்குக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, சோடா அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் வேண்டுமென்றே நாலு மணியை எவர்சில்வர் தட்டில் விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஜவ்வரிசி மாதிரி மங்கலான வெள்ளை. கொஞ்ச நேரத்தில் மேலே பளபளப்பு, வேர்த்த மாதிரி. அப்புறம் அடியில் ஈர வளையம். கடைசியில் வெள்ளையே இல்லை, நாலு சொட்டுத் தண்ணீர் சிந்தியிருப்பதுபோலத்தான் இருந்தது. அது தண்ணீர் என்று நினைத்து யாராவது கையால் துடைத்தால் என்ன ஆகும்? அதனால் எடை போட்டு முடித்ததும் மேசையை, தராசின் ஓரத்தை, தரையை வெளிச்சம் அடித்துப் பார்த்து ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், கையுறையோடு.

டப்பாவைத் தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூடத் திறந்து வைக்காதீர்கள். கட்டி கட்டியாகிப் போன பழைய சோடாவை எடை போட்டால் அந்த எடையில் ஒரு பங்கு தண்ணீர், இன்னொரு பங்கு காற்றிலிருந்த கரியமில வாயுவோடு சேர்ந்து சலவை சோடாவாக மாறியது. தராசு 72.3 என்றுதான் சொல்லும், வேலை செய்கிற சோடா அதைவிடக் குறைவு. இது ஆபத்தில்லை, கை எரியாது, ஆனால் சோப்பு பிசுபிசுத்து இறுகாமல் போகும், நீங்கள் செய்முறையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது சாட்சி

இப்போது டப்பாவை இறுக மூடி மறுபடி பெரிய தராசில் வையுங்கள். 1046 இருந்தது, 974 வந்தால் 72 கிராம் வெளியே போயிருக்கிறது, கப்பில் 72.3. இரண்டும் ஒத்துப்போகிறது. ஒன்றிரண்டு கிராம் வித்தியாசம் பெரிய தராசின் குணம், விடலாம். 978 வந்தாலோ 966 வந்தாலோ நிறுத்துங்கள், ஏதோ ஒரு இடத்தில் தப்பு இருக்கிறது. இதை நான் ரொம்ப வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், ஒரே தராசில் பத்து தடவை வைத்துப் பார்த்தாலும் அது அதே பொய்யைத்தான் பத்து தடவை சொல்லும். வேறு தராசு, வேறு பக்கத்திலிருந்து சொல்லும் சாட்சிதான் சாட்சி.

தண்ணீர் இந்த அளவுக்குச் சோடாவைப் போல இரு மடங்கு எடுத்தால் போதும், 144.6, அதாவது 145 கிராம். இதில் ஐந்து கிராம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் ஆகாது, காயும் நாள்தான் மாறும். தண்ணீரை உயரமான பாத்திரத்தில் ஊற்றி, சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்து மேலே தெறிக்கும். கலவை 80 டிகிரிக்கு மேலும் சூடேறும், ஆவியை மூக்கில் வாங்காதீர்கள். கப்பில் ஒட்டியிருக்கும் மணிகளையும் தட்டிச் சேர்த்துவிட்டு, வெறும் கப்பை இன்னொரு தடவை தராசில் வையுங்கள். 31.6-க்குப் பதில் 32.4 வந்தால் 0.8 கிராம் இன்னும் கப்பிலேயே இருக்கிறது.

எண்ணெயோடு சேர்க்கும் பாத்திரத்தின் வெறும் எடையையும் எழுதி வைத்திருந்தால் கடைசியாக ஒரு சரிபார்ப்பு கிடைக்கும். 500 எண்ணெய், 72.3 சோடா, 145 தண்ணீர், கூட்டினால் 717. ஆவியானதும் பாத்திரத்தில் ஒட்டியதும் போகச் சில கிராம் குறையும். 570-க்கும் கீழே வந்தால் ஏதோ ஒரு எண்ணெயைப் போட மறந்துவிட்டீர்கள். சிரிக்காதீர்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்தால் இது நடக்கும், எண்ணெய் குறைந்தால் சோடா கூடியதற்குச் சமம்.

நடுவில் சந்தேகம் வந்தால்

கப் எடை எழுதவில்லை, தராசு அணைந்துவிட்டது, எத்தனை போட்டோம் என்று தெரியவில்லை என்றால் ஊகிக்காதீர்கள். அந்தச் சோடாவை வாளி நிறையத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துச் சாக்கடைக் குழாயில் மெதுவாக ஊற்றிவிடுங்கள், பின்னாலேயே இன்னும் இரண்டு வாளி தண்ணீர் விடுங்கள். குழாயும் சுத்தமாகும். 72 கிராம் சோடாவின் விலை ஒரு தே தாரிக் விலைக்குக்கூட வராது.

எண்ணெயோடு கலந்த பிறகு சந்தேகம் வந்தால், அச்சில் ஊற்றி ஓரமாக வைத்து, நாலு முதல் ஆறு வாரம் காயவிட்டு, மேலே வெள்ளைத் துகளோ ஓட்டைக்குள் ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக மேலே படியும் மெல்லிய சாம்பல் போன்ற பூச்சு வேறு, அது பரவாயில்லை. காரத்தன்மை பார்க்கும் தாளில் 9, 10 காட்டுவது சோப்புக்கு இயல்பு. 12-ஐ நெருங்கினால் யாருக்கும் கொடுக்காதீர்கள், உங்கள் கையிலேயே போட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

எழுதி வைப்பதும் எடுத்து வைப்பதும்

என் நோட்டில் ஒவ்வொரு சோப்புக்கும் ஒரே வரி: தேதி, எண்ணெய் எடை, கணக்கில் வந்த சோடா, கப்பில் வந்த சோடா, டப்பாவில் குறைந்தது, காசு சோதனையில் தராசு காட்டியது. பத்து வரி சேர்ந்ததும் தராசு மெல்ல நகர்வது கண்ணுக்குத் தெரியும். ஜனவரியில் பத்து காசு 56.6, ஜூனில் 56.9, ஆகஸ்டில் 57.2. அந்தத் தராசை ஆகஸ்டில் மாற்றினேன். அக்கம்பக்கத்தில் காசுக்கு விற்கலாம் என்று யோசிப்பவர்களுக்கும் இந்த நோட்டு வேண்டும், மலேசியாவில் சோப்பு அழகுப் பொருளாகக் கருதப்படுகிறது, விற்கும் முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவிப்பு செய்திருக்கவேண்டும்.

சோடா டப்பாவை வாங்கிய அதே டப்பாவில், அதே எழுத்தோடு வையுங்கள். மினரல் தண்ணீர் போத்தலிலோ ஹார்லிக்ஸ் போத்தலிலோ மாற்றி வைக்கக் கூடாது. நான் அதை ஒரு காற்றுப் புகாத பெரிய டப்பாவுக்குள் போட்டு, பூட்டு இருக்கிற அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன், மேல்தட்டிலிருந்து எடுக்கும்போது முகத்தில் கொட்டிவிடக் கூடாதே. கரண்டியையும் கப்பையும் நிறையத் தண்ணீரில் கழுவி, துடைத்து, அந்தப் பெரிய டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். கையுறையைக் கடைசியாகக் கழற்றுங்கள், கண்ணாடியை அதற்கும் அப்புறம்.